ஊருக்குப் புறப்படும் பையில் ஒரு சின்ன லென்ஸ்

மே மாதம் பிறந்துவிட்டால் புது தில்லி ரயில் நிலையத்தில் நம்மவர்களைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புறப்படும் பிளாட்பாரத்தில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பம் எதுவோ, அது நம் குடும்பம்தான். எங்கள் வீட்டில் அந்த எண்ணிக்கை ஏழில் வந்து நிற்கும். ஏழாவது உருப்படி என் காமிராப் பை.

"ஏங்க, இந்தக் கல்லு மூட்டையையும் தூக்கிக்கிட்டு வரணுமா?" என்று மனைவி ஆண்டுதோறும் கேட்பதும், நான் காது கேளாதவன் போல் இருந்துவிடுவதும் வழக்கம். அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு 2018ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

அந்த ஆண்டு ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் போயிருந்தோம். காவிரி இரு கரையும் தொட்டு ஓடிய ஆண்டு அது. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா மண்டபம் படித்துறைக்கு எல்லோரும் கிளம்பினோம். முந்தைய நாள் முழுவதும் பையைச் சுமந்து அலைந்ததில் எனக்குத் தோள்பட்டையில் தீராத வலி. 'படித்துறையில் கூட்டம் வேறு இருக்குமே' என்று பையை விடுதி அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். அங்கே என் தாயார் காவிரிக்கு மஞ்சள், குங்குமம், காதோலை, கருகமணி படைத்து, ஒரு சின்ன விளக்கை ஏற்றிக் கையில் ஏந்தியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, அந்தப் பெரிய காமிரா எங்கே?" என்றார். கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தேன். இருட்டில் கை ஆடி, விளக்குச் சுடர் மட்டும் கோடாக விழுந்தது, முகம் கலங்கிவிட்டது. அடுத்த ஆண்டு அம்மா இல்லை.

சிறந்த லென்ஸ்தான் என்னிடம் இருந்தது. ஆனால் அது பூட்டிய அறையில் இருந்தது. அன்றிலிருந்து பயணத்துக்கு எந்த லென்ஸ் என்ற கேள்வியை நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். நான் கற்றதை நம் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

எடை எங்கிருந்து வருகிறது?

அன்று என் பையில் இருந்தவை இரண்டு லென்ஸ்கள். ஒன்று 24-70 மி.மீ., சுமார் 800 கிராம். இன்னொன்று 70-200 மி.மீ., சுமார் ஒன்றரைக் கிலோ. இரண்டுமே எஃப்/2.8 ரகம். காமிராவும் சேர்ந்தால் மூன்று கிலோ. ஒரு கைக்குழந்தையைச் சுமப்பதற்குச் சமம். குழந்தையாவது நடுவில் இறங்கி நடக்கும்!

லென்ஸ் ஏன் கனக்கிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி புகும் வாயின் அகலம் கிடைக்கும். 200ஐ 2.8ஆல் வகுத்தால் 71 மி.மீ. அவ்வளவு பெரிய கண்ணாடி அதில் இருந்தே தீர வேண்டும். அதே எஃப்/2.8 ஒளியை 24 மி.மீ. லென்ஸில் பெற 9 மி.மீ. வாய் கூடத் தேவையில்லை. தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் கனமாக இருப்பதும், அருகில் அகலமாகப் பார்க்கும் லென்ஸைச் சிறிதாகச் செய்ய முடிவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் ஜூம். குவியத் தூரத்தை மாற்றிக்கொண்டே போக உள்ளே பல கண்ணாடிகள் நகர வேண்டும். கானன் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 24-70 எஃப்/2.8 லென்ஸில் 18 கண்ணாடிகள். அதே ஆண்டு அது வெளியிட்ட 40 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் ஆறே கண்ணாடிகள்தான். அதன் தடிமன் 23 மி.மீ., எடை 130 கிராம். தட்டையாக இருப்பதால் இந்த ரகத்துக்கு 'பான்கேக்' என்று பெயர். நம் ஊர் ஊத்தப்பம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உங்கள் காமிராவுக்கு எந்த எண்?

கடைக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பழைய ஃபிலிமின் ஒரு சட்டம் 36க்கு 24 மி.மீ. அளவு. இன்று 'ஃபுல் ஃபிரேம்' என்று சொல்லப்படும் காமிராக்களின் சென்சாரும் அதே அளவுதான். நம் வீடுகளில் அதிகம் இருப்பது அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.-சி சென்சார். அதில் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படுவதால், லென்ஸின் எண்ணை நிக்கான், சோனி, ஃபியூஜி காமிராக்களில் 1.5ஆலும் கானனில் 1.6ஆலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் ரகத்தில் 2ஆல் பெருக்க வேண்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான். "50 மி.மீ. லென்ஸ் மலிவு, நல்லது" என்று கேள்விப்பட்டு வாங்கிவிடுவார்கள். ஏ.பி.எஸ்.-சி காமிராவில் அது 75 அல்லது 80 போலப் பார்க்கும். முகத்தை மட்டும் எடுக்க அருமை. ஆனால் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேரை நிற்கவைத்தால், நீங்கள் சுவரைத் தாண்டிப் போய் நின்றால்தான் எல்லோரும் அடங்குவார்கள்.

பயணத்துக்கு ஒரே ஒரு சிறிய லென்ஸ் என்றால், பெருக்கி வரும் எண் 35க்கும் 50க்கும் நடுவில் இருக்கட்டும். ஒருவரை அவர் இருக்கும் இடத்தோடு சேர்த்துக் காட்ட இதுவே பொருத்தம். கானன் ஏ.பி.எஸ்.-சி காமிராவுக்கு 2014இல் வந்த 24 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 125 கிராம். நிக்கானின் 35 மி.மீ. எஃப்/1.8 (2009) 200 கிராம். பானசோனிக்கின் 20 மி.மீ. எஃப்/1.7 (2009) 100 கிராம். புதிய கண்ணாடியில்லா 'மிரர்லெஸ்' காமிராக்களுக்கு நிக்கானின் 40 மி.மீ. எஃப்/2 (2021) 170 கிராம். கானனின் 28 மி.மீ. எஃப்/2.8 (2023) 120 கிராம். எல்லாமே சட்டைப் பையில் அடங்காவிட்டாலும், மனைவியின் கைப்பையில் பேச்சு வாங்காமல் அடங்கும்.

ஜூம் வேண்டுமா, வேண்டாமா?

காமிராவோடு வரும் 18-55 ஜூம் லென்ஸை மட்டமாக நினைக்க வேண்டாம். சுமார் 200 கிராம் எடையில் அகலமும் ஓரளவு நெருக்கமும் தருகிறது. பகல் வெளிச்சத்தில் அது எடுக்கும் படத்தில் குறை காண்பது கடினம். அதன் பலவீனம் இருட்டு. இழுத்துப் பிடித்தால் அதன் வாய் எஃப்/5.6க்குச் சுருங்கிவிடும். எஃப்/1.8 லென்ஸ் அதைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். ஒரு லென்ஸுக்கு ஆறில் ஒரு விநாடி தேவைப்படும் இடத்தில் மற்றதற்கு அறுபதில் ஒரு விநாடி போதும். விளக்கு ஏந்திய ஒரு கையின் அசைவை நிறுத்தவும் விட்டுவிடவும் அந்த வித்தியாசமே காரணம். 'ஸ்டெபிலைசர்' வசதி இருக்கிறதே என்பீர்கள். அது எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

18-200 போன்ற 'எல்லாம் ஒன்றில்' லென்ஸ்கள் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். லென்ஸ் மாற்றும் தொல்லை இல்லை, தூசி புகாது. பரத்பூரில் பறவை பார்க்கப் போகிறவருக்கு அது உதவும். சொந்தபந்தங்களையும் கோயில் மண்டபங்களையும் எடுக்கப் போகிறவருக்கு 18-55ம் ஒரு சின்ன எஃப்/1.8 லென்ஸும் போதும். இரண்டும் சேர்ந்து 400 கிராம்தான்.

சின்னக் காமிராவின் கதை

எடை குறைந்த காமிராவுக்கு ஆசைப்பட்டவர் நாம் மட்டும் அல்ல. ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னக் என்ற பொறியாளர் ஆஸ்துமா நோயாளி. அக்காலத்துப் பெரிய தகட்டுக் காமிராவை அவரால் சுமக்க முடியவில்லை. சினிமா ஃபிலிமில் படம் எடுக்கும் சிறிய காமிரா ஒன்றை அவர் உருவாக்கினார். 1925இல் அது 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உள்ளே மடக்கிக்கொள்ளும் 50 மி.மீ. லென்ஸ் அதில் இருந்தது.

பிரான்ஸின் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன் அந்த வகைக் காமிராவோடும் பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸோடும் உலகைச் சுற்றினார். 1948 ஜனவரி 30 அன்று நம் தில்லியில் காந்தியடிகளை அவருடைய கடைசி நாளில் படம் எடுத்தவர் அவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாள்களைப் பதிவு செய்தவரும் அவரே. கையில் சிறிய காமிரா இருந்ததால், அங்கிருந்தவர்களின் அமைதியைக் குலைக்காமல் அவரால் நிற்க முடிந்தது.

ரயிலில், கோயிலில், தாஜில்

தில்லியிலிருந்து சென்னை வரை சுமார் 2,180 கி.மீ. தூரம். வழியில் சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணை என்று நதி நதியாகக் கடக்கிறோம். குளிர்சாதனப் பெட்டியில் எடுக்கும்போது லென்ஸின் முகத்தைக் கண்ணாடியை ஒட்டி வைத்தால் உள்விளக்கின் பிரதிபலிப்பு விழாது. குட்டையான லென்ஸ் இதற்கு மிக வசதி. வேகத்தை ஆயிரத்தில் ஒரு விநாடி அளவில் வையுங்கள். கம்பி ஜன்னலாக இருந்தால், காமிராவை வெளியே நீட்டாமல் கம்பிக்கு அருகில் பிடித்தாலே போதும்.

தாஜ்மகாலைப் பார்க்க வரும் ஊர் உறவினரை எடுக்க வேண்டுமா? நுழைவாயிலிலிருந்து கல்லறை மாளிகை வரை தோட்டம் 300 மீட்டர் நீளம். அங்கிருந்து 50 போலப் பார்க்கும் லென்ஸில் மாளிகை முழுவதும் அடங்கும். மேடைக்குப் பக்கத்தில் போனால்தான் அகல லென்ஸ் தேவை. முக்காலி கொண்டுபோக அனுமதி வேண்டும். கல்லறை மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. காமிராவுக்கும் கோயிலுக்குக் கோயில் விதி மாறும். வாசலில் கேட்டுவிட்டு உள்ளே போவது மரியாதை.

பழையது வாங்கும்போது

பழைய லென்ஸ் வாங்குவதில் தவறில்லை. ஒரு டார்ச் விளக்கை ஒரு பக்கமிருந்து அடித்து மறு பக்கம் பாருங்கள். சிலந்தி வலை போல இழை தெரிந்தால் அது பூஞ்சை, வாங்க வேண்டாம். சென்னை, மும்பைக் காற்றின் ஈரத்தில் இது சீக்கிரம் பிடிக்கும். டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பதும், மாதம் ஒருமுறை லென்ஸை வெளியே எடுத்துப் புழங்குவதும் நல்லது. அப்பா காலத்து நிக்கான் லென்ஸ் வீட்டில் இருந்தால், புதிய காமிராவில் அது தானாகக் குவியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மோட்டார் இல்லாத லென்ஸைப் பல காமிராக்களில் கையால்தான் குவிக்க வேண்டும்.

"கைப்பேசியே போதாதா?" என்று என் மகள் கேட்கிறாள். நல்ல வெளிச்சத்தில் போதும். அதையே நானும் நிறையப் பயன்படுத்துகிறேன். ஆனால் விடியலின் அரை இருட்டில், அசையும் ஒரு முகத்தைப் பிடிக்க அகலமான வாயுள்ள ஒரு சின்ன லென்ஸ் இன்னும் என் துணை.

பெரிய லென்ஸ்களை விற்றுவிட்டேன். இப்போது எங்கள் பெட்டிகளின் எண்ணிக்கை ஆறு. காமிரா தோளில் தொங்குகிறது. அது இருப்பதையே பல நேரம் மறந்துவிடுகிறேன். போன முறை ஸ்ரீரங்கம் போனபோது அதே படித்துறையில் விடியற்காலையில் மனைவி விளக்கை ஏற்றி ஆற்றில் விட்டாள். அவள் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. அந்தப் படத்தைக் கூடத்தில், அம்மாவின் கலங்கிய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

இந்தக் கோடையில் நீங்களும் ஊருக்குப் புறப்படும்போது பையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். படித்துறை வரை சுமக்க முடியாததை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் சங்க விழாவில் சந்திப்போம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் படங்களை மறக்காமல் கொண்டு வாருங்கள்.