பம்பிங் சரி, நிரம்புவது எப்படி?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போகிறவருக்கு எக்கோ எடுத்துப் பார்த்து, "பம்பிங் 60 சதவீதம், நார்மல்" என்பார்கள். நிம்மதியாக வீடு திரும்புவார். மூச்சு வாங்குவது மட்டும் நிற்காது.

இதயத்துக்கு இரண்டு வேலை. சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது ஒன்று; இளகி, அடுத்த துடிப்புக்கான ரத்தத்தை வாங்கிக்கொள்வது இன்னொன்று. பம்பிங் எண் முதல் வேலையை மட்டுமே சொல்லும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பம்பிங் சரியாகவே இருக்கிறது. பல வருட ரத்தக்கொதிப்பில் இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்துவிட, ரத்தம் உள்ளே நுழையச் சிரமப்படுகிறது. அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறுகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான்.

இந்த அழுத்தத்தை நேரடியாக அளக்க ரத்தக்குழாய் வழியே கதீட்டர் செலுத்த வேண்டும். எக்கோ அதை வெளியிலிருந்தே கணிக்கிறது. உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை 1953-இல் சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் இதயத்தின் மேல் வைத்துப் பார்த்ததில் தொடங்கிய கலை இது.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு திறந்ததும் ரத்தம் பாயும் வேகம் 'இ' அலை. கடைசியில் மேலறை சுருங்கித் தள்ளுவது 'ஏ' அலை. இளகும் திறன் குறையும்போது முதலில் 'இ' தாழும். ஆனால் அழுத்தம் கூடக் கூட, மேலறையில் கூடிய அழுத்தமே ரத்தத்தை வலுவாகத் தள்ளுவதால் 'இ' மறுபடி உயர்ந்து, ஆரோக்கியமான இதயம் போலவே தோன்றும். இந்த இடத்தில் ஏமாறாமல் இருக்கத்தான் எக்கோவில் திசு டாப்ளர் என்ற முறை. அது ரத்தத்தை விட்டுவிட்டு, வால்வின் அடிவளையம் நகரும் வேகத்தை அளக்கிறது. இளகாத தசையில் அந்த வேகம் குறைந்தே இருக்கும். 'இ' அலையின் வேகத்தை வளையத்தின் சராசரி வேகத்தால் வகுத்து வரும் எண் 14-க்கு மேல் போனால் அழுத்தம் கூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓர் எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இடது மேலறை வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைப் போல, நெடுநாள் அழுத்தத்தின் தடயம் அதில் தங்கியிருக்கும்.

அறுபதைத் தாண்டியவர்களின் ரிப்போர்ட்டில் இளகும் திறன் குறைவு 'கிரேடு 1' என்று அடிக்கடி வரும். வயதோடு இளகும் திறன் குறைவது இயல்பு; அந்தச் சொல்லை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் மூச்சு வாங்கினால், பம்பிங் எண்ணோடு திரும்பிவிடாதீர்கள். "இதயம் நிரம்புவது எப்படி இருக்கிறது, டாக்டர்?" என்றும் கேளுங்கள்.