விற்குமுன் செப்பனிடுதல்

உத்தியோகம் கருதித் தமிழகத்தை விட்டு வந்து, மும்பையிலோ தில்லியிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து, ஒரு வீட்டுக்கு உரியவர்களானோர் நம்மிடையே பலர். பணி ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பவோ, மக்களுடன் சென்று வாழவோ விரும்பி, அவ்வீட்டை விற்க முற்படும் காலமும் வருகின்றது. "புதுப்பித்து விற்றால் நல்ல விலை வருமே" என்பார் உறவினர் ஒருவர். "உள்ளது உள்ளபடியே விற்றுவிடலாம்" என்பார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் ஓரளவே உண்மை உண்டு. இதற்கெனச் செலவிடப்படுவது பெரும்பாலும் சேமநிதிப் பணம். முதுமைக்கென வைத்த கைப்பொருள். அது திரும்பிவராது போயின் மீண்டும் ஈட்டுதற்கு வயது இடந்தராது. ஆதலின், எச்செலவு தகும், எச்செலவு தகாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

நாம் நம் வீட்டைப் பார்க்கும் கண் வேறு. வாங்க வருவோர் பார்க்கும் கண் வேறு. நமக்கு அது வாழ்ந்த இடம். அவருக்கோ, வாழ்நாட் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஒருங்கே இடப்போகும் இடம். அவர் உள்ளத்தில் ஆசையைவிட அச்சமே முந்தி நிற்கும். இதிலிருந்து ஒரு பொது விதியை வகுத்துக்கொள்ளலாம்: வாங்குவோரின் அச்சத்தை நீக்கச் செய்யும் செலவு பெரும்பாலும் மீளும், அவர் விரும்பக்கூடும் என்று நாமே எண்ணிச் செய்யும் அலங்காரச் செலவு பெரும்பாலும் மீளாது.

இவ்விதியைக் கையாளுமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உளது. வாங்குவோர் இக்கட்டடத்தை வைத்துக்கொள்வாரா, இடித்துவிடுவாரா? மும்பை மாதுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் பழைய அடுக்ககங்கள் பலவற்றை இடித்துப் புதிதாகக் கட்டக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் தீர்மானித்து வருகின்றன. அத்தகைய தீர்மானம் நிறைவேறிய கட்டடத்தில் வீடு வாங்குவோர் விலை கொடுப்பது பரப்பளவுக்கும், புதிய கட்டடத்தில் கிடைக்கவிருக்கும் உரிமைக்குமே. ஆங்கே தரைக்குச் சலவைக்கல் பதிப்பது வீண். ஊரிலுள்ள பூர்விக வீட்டுக்கும் இது பொருந்தும். கடைத்தெருவை அடுத்த பழைய ஓட்டு வீட்டை வாங்குவோர் மனையையே கருதுவாராயின், ஓடு மாற்றுவதும் உத்திரத்துக்கு வண்ணம் பூசுவதும் அவருக்கு ஒரு பொருட்டன்று. வளாகத்தைத் துப்புரவு செய்து, எல்லையை அளந்து, கற்களை நட்டு வைத்தலே போதும்.

கட்டடம் நிலைக்குமாயின், முதற்கண் கவனிக்க வேண்டுவது நீர்க்கசிவு. மும்பையில் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்யும் மழையில் சுவர்களும் கூரையும் ஓதம் காண்பது இயல்பு. அதன்மேல் உடனே வண்ணம் பூசி மறைப்போர் உண்டு. சுவருக்குள் நீர் நிற்கும் வரையில் அப்பூச்சு நிலையாது; சில திங்களில் உப்புப் பூத்துச் செதில் செதிலாக உதிரும். வாங்க வந்தவரும் புதுப் பூச்சின் கீழ்க் கறையைக் கண்டால், விற்பவர் சொல்லும் பிறவற்றையும் ஐயுறுவார்.

ஈரம் எங்கிருந்து வருகின்றது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழ அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டு நோக்குக. தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பினால், ஈரம் சுவரின் உள்ளிருந்து வருகின்றது. அறையை நோக்கிய வெளிப்புறம் அரும்பினால், அறைக் காற்றின் ஈரமே காரணம். சன்னலைத் திறந்து காற்றோட்டம் தந்தால் பெரும்பாலும் தீரும். கசிவு என்று தெளிந்தபின், மேல்தளமோ, மேல்வீட்டுக் குளியலறையோ, நம் குழாயோ எனக் காரணத்தைக் கண்டு அதனை முதலில் அடைத்தல் வேண்டும். சுவர் நன்கு உலர்ந்த பின்னரே வண்ணம்.

கணக்கை விளக்க ஓர் உதாரணம் கொள்வோம். கசிவை அடைக்க 30,000 ரூபாய் ஆகுமென வைத்துக்கொள்வோம். வாங்குவோருக்கு அதன் காரணமோ செலவோ தெரியாது. ஆகவே பாதுகாப்புக் கருதி விலையில் 1,00,000 ரூபாய் குறைத்துக் கேட்பார். அடைத்துவிட்டு, வேலைக்கான ரசீதையும் காட்டினால் மிச்சம் 70,000 ரூபாய். இனிச் சமையலறையை நோக்குவோம். 4,00,000 ரூபாய் செலவிட்டுப் புதிய மேடையும் அலமாரிகளும் அமைத்தோம் எனில், வாங்குவோர் அதற்கென 1,50,000 ரூபாய் கூட்டித் தந்தாலும் நமக்கு நட்டம் 2,50,000 ரூபாய். அவர்தம் மனைவியார் மேடையைக் கிழக்கு நோக்கி மாற்ற விரும்பினாலோ, அதுவும் கிட்டாது.

செலவோடு காலமும் கணக்கில் சேரும். 80,00,000 ரூபாய் பெறும் வீட்டின் விற்பனை, புதுப்பிக்கும் வேலையால் நான்கு திங்கள் தள்ளிப்போகின்றது எனக் கொள்வோம். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டியெனில் நாம் இழப்பது 1,60,000 ரூபாய். இதனைச் சேர்த்துப் பார்ப்போர் சிலரே.

இவ்வாறு நோக்குமிடத்து, தகுந்த வேலைகள் சிறியனவே. ஒழுகும் குழாய்களையும் அடைபட்ட சாக்கடை வழிகளையும் சீர்செய்தல். பழுதுற்ற மின்கம்பிகளை மாற்றி, மின்கசிவுத் தடுப்பான் பொருத்துதல். இறுகிய கதவு சன்னல்களைச் செப்பனிடுதல். உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றுதல். இறுதியில் எளிய வெண்ணிறப் பூச்சு. வேண்டாத பொருள்களை அகற்றுதல் செலவில்லாத திருத்தம். அறை பெரிதாகத் தோன்றும். சுவரை இடித்து அறையை விரித்தலும், அனுமதியின்றித் தாழ்வாரத்தை அடைத்தலும் கூடா. அவற்றை வங்கியின் மதிப்பீட்டாளர் குறையாகவே எழுதுவார்.

சுவரினும் முதன்மையாகச் செப்பனிட வேண்டியவை பத்திரங்கள். தில்லியில் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பி வீடு வாங்கியோர் பலர். அத்தகைய பத்திரம் உரிமையை மாற்றித் தாராது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. இவ்வாறு வாங்கிய வீட்டுக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது. கடனின்றி வாங்குவோரோ சிலர். தில்லி வளர்ச்சி ஆணையத்தின் குத்தகை உரிமை வீடாயின், கட்டணம் செலுத்தி அதனை முழு உரிமையாக்கிக்கொள்ளலாம். இதற்கு இடும் பணம் எந்தச் சலவைக்கல்லினும் மிகுதியாகப் பயன் தரும். மும்பையில் சங்கப் பங்குச் சான்றிதழும் பாக்கியில்லாச் சான்றும் கைவசம் இருத்தல் வேண்டும். ஊரிலுள்ள வீட்டின் பட்டா இன்னும் தந்தையார் பெயரிலேயே இருப்பின், உடன்பிறந்தார் அனைவரும், சகோதரிகள் உட்பட, ஒப்பும் வரையில் கொத்தனாரை அழைத்தல் ஆகாது. ஒருவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டு, விற்றபின் அதனைக் கழித்துக்கொள்ள முனைவதே பல குடும்பங்களில் மனக்கசப்புக்கு வித்தாகின்றது. செலவையும் பங்கையும் முன்னரே எழுதி, யாவரும் கையொப்பமிடுவது நலம்.

"செலவிட்டால் வருமான வரி குறையுமே" என்று கூறுவோரும் உளர். கட்டடத்துக்கு நிலையான மேம்பாடு தரும் செலவை இலாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றது; வெள்ளையடித்தல் போன்ற வழக்கமான பராமரிப்பு அதில் அடங்காது. இருபத்துநான்கு திங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் இலாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் வரி 12.5 விழுக்காடு. அந்நாளுக்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்துக்கேற்ப அடக்கவிலையை உயர்த்தி 20 விழுக்காடு கணக்கிடும் முறையோடும் ஒப்பிட்டு, குறைந்ததைச் செலுத்தலாம். 12.5 விழுக்காட்டின்படி, 1,00,000 ரூபாய் செலவிட்டால் வரியில் மிஞ்சுவது 12,500 ரூபாயே. வரிக்காகச் செலவிடுதல் அறிவுடைமையன்று. எனினும், முன்னரே செய்த மேம்பாடுகளின் ரசீதுகளைத் தேடி எடுத்து வைத்தல் இன்றியமையாதது.

ஆகவே, ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. இது செய்யப்படாவிடின் வாங்குவோர் அஞ்சுவாரா? அவர் குறைத்துக் கேட்கும் தொகை, செய்யும் செலவினும் மிகுமா? வாங்கியபின் இதனை அவர் வைத்துக்கொள்வாரா? மூன்றுக்கும் "ஆம்" எனில் செய்வோம். ஒன்றுக்கேனும் "இல்லை" எனில், அப்பணத்தை வைப்புநிதியிலேயே விட்டு வைப்போம். வீட்டை விற்றுச் செல்லும் நாளில் நம்முடன் வருவது அதுவே.