அபாயச் சரக்கை லாரியில் அனுப்பும்போது வியாபாரியின் பொறுப்பு என்ன?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெயிண்டு கடை வைத்திருக்கும் ஓர் இளம் உறுப்பினர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, தின்னர் டின் சில பெட்டிகள் வெளியூர் பார்ட்டிக்கு அனுப்பினேன். வழியில் வண்டியை நிறுத்தி கேஸ் எழுதிவிட்டார்கள். லாரிக்காரர் அபராதத்தில் பாதியை என்னிடம் கேட்கிறார். சரக்கை லாரி ஆபீசில் போட்டு எல்.ஆர். வாங்கியாகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கென்ன பொறுப்பு?" என்று கேட்டார்.

அபராதத்தை யார் கட்டுவது என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். ஆனால், "எல்.ஆர். வாங்கியதும் என் பொறுப்பு முடிந்தது" என்பது சரியல்ல. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

அபாயச் சரக்கு என்றதும் பெட்ரோல் டேங்கர், கேஸ் டேங்கர், சிவகாசி வெடி இவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. நம் உறுப்பினர்களின் கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தால் கதை வேறு. சூடமும் தீப்பெட்டியும் எளிதில் தீப்பற்றும் திடப்பொருள்கள், அதாவது 4-ஆம் வகுப்பு. தின்னர், டர்பன்டைன், பெரும்பாலான பெயிண்டுகள் எல்லாம் 3-ஆம் வகுப்பான தீப்பற்றும் திரவங்கள். ஸ்பிரே டின்களும் கேஸ் சிலிண்டர்களும் 2. பிளீச்சிங் பவுடரும், சாயப்பட்டறைக்குப் போகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் 5. இவை தாமாக எரியாவிட்டாலும் பக்கத்தில் இருப்பதை எரியத் தூண்டுகிறவை. பூச்சிமருந்து 6. ஆசிட், காஸ்டிக் சோடா, ஆசிட் ஊற்றிய பேட்டரி எல்லாம் அரித்துத் தின்னும் பொருள்கள், 8-ஆம் வகுப்பு. வெடிப்பொருளுக்கு 1, கதிர்வீச்சுப் பொருளுக்கு 7, எதிலும் அடங்காதவற்றுக்கு 9. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு வகுத்த இந்த ஒன்பது வகுப்புகளைத்தான் நம் நாட்டுச் சட்டமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே மளிகை, ஹார்டுவேர், உரம், சோப்பு எந்தக் கடைக்காரரும் "இது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம்.

1984-இல் போபாலில் நடந்த விஷவாயுக் கொடுமைக்குப் பிறகுதான் அரசாங்கம் இந்த விஷயத்தில் விழித்துக்கொண்டது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் புதிதாக இயற்றப்பட்டு, அதன் கீழ் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் வந்தன. அதில் 129 முதல் 137 வரை உள்ள விதிகள் முழுக்க அபாயச் சரக்கைப் பற்றியவை. லாரி முதலாளிகளுக்கு இவை ஓரளவு தெரியும். நமக்குத்தான் தெரியாது.

இதில் நாம் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது 131-ஆவது விதி. அது லாரிக்காரருக்கு எழுதியது அல்ல, சரக்கு அனுப்புகிறவருக்கு, அதாவது நமக்கு எழுதியது. அந்தச் சரக்கை ஏற்ற அந்த வண்டிக்கு முறையான பதிவு இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. முதலுதவிப் பெட்டி, பாதுகாப்புச் சாதனங்கள், தேவையான மாற்று மருந்து வண்டியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு. சரக்கின் தன்மையைப் பற்றி வண்டி உரிமையாளருக்கு முழு விவரம் கொடுக்க வேண்டும். டிரைவர் அதைக் கையாளப் பயிற்சி பெற்றவரா என்பதையும் நாம்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். கொடுக்கிற விவரம் சரியானதாகவும் போதுமானதாகவும் இருக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. வாயால் சொன்னேன், போனில் சொன்னேன் என்பதெல்லாம் பிறகு எடுபடாது. எழுத்தில் கொடுங்கள்.

இதோடு 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1865-இல் வெள்ளைக்காரன் போட்ட பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்தது. சரக்கு அனுப்பும் படிவத்தில் நாம் எழுதுகிற விவரம் தவறாகவோ குறையாகவோ இருந்து, அதனால் லாரிக்காரருக்கு நஷ்டம் ஏற்பட்டால் அதை நாம் ஈடுகட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும், சரக்கின் தன்மையை மறைத்தவருக்குப் பணம் கொடுக்க மறுக்க இடமுண்டு. இன்று இ-வே பில் இருக்கிறதே என்பார்கள். அது வரிக்காகப் போடுவது. அதில் சரக்கின் பெயர் இருக்கும், உடைந்தால் என்ன செய்வது என்பது இருக்காது.

இப்போது என் கதை. 1996 ஐப்பசி. மதுரையிலிருந்து பரமக்குடிப் பக்கத்துக் கடைகளுக்கு 20 மூட்டை பிளீச்சிங் பவுடரும், கக்கூஸ் கழுவுகிற ஆசிட் 12 கேனும் ஒரே பார்சல் லாரியில் போட்டேன். ஆசிட் என்று எழுதினால் புக்கிங் குமாஸ்தா வாடகை கூடக் கேட்பார், சில சமயம் ஏற்றவே மாட்டார். அதனால் எல்.ஆரில் "சோப்பு சாமான்" என்று எழுதச் சொன்னேன். அன்று பஜாரில் நான் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் எழுதினோம்.

ராத்திரி நல்ல மழை. தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். வழியில் ஒரு கேன் இரும்புச் சாமானில் உரசி ஓட்டையாகி, ஆசிட் வடிந்து மூட்டைகளில் இறங்கிவிட்டது. பிளீச்சிங் பவுடரும் அந்த ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தார்ப்பாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. உள்ளே மூட்டைகளின் இடுக்கில் கிளீனர் பையன் படுத்திருந்தான். வயது பதினேழு. மானாமதுரை தாண்டி டீக்கு நிறுத்தியபோதுதான் டிரைவருக்கு வாடை தெரிந்து, பையனை இழுத்து வெளியே போட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "லோடில் என்ன இருந்தது?" என்றுதான். டிரைவர் எல்.ஆரை எடுத்துக் காட்டினார். சோப்பு சாமான். சோப்புக்கு இப்படி மூச்சு முட்டாதே என்று டாக்டர் குழம்பியிருக்கிறார். என் கடை போனுக்கு அடித்து, கடை பூட்டியிருந்து, யாரோ வீட்டு நம்பர் தேடிக் கொடுத்து, நான் உண்மையைச் சொல்லும்போது இரண்டு மணி நேரம் போய்விட்டது. பையன் பிழைத்தான். பதினோரு நாள் படுக்கையில் இருந்தான். வைத்தியச் செலவை நான் கொடுத்தேன், அது பெரிய தொகையல்ல. ஆனால் அதற்குப் பிறகு அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. இப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டி வயது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார். கூடுதல் வாடகை என்று அன்று நான் மிச்சம் பிடித்தது நூறு ரூபாய்க்குள்தான் இருக்கும்.

ஆகவே அட்டை, போர்டு இவற்றைவிட முக்கியமாக நான் நினைப்பது எதோடு எதை ஏற்றக்கூடாது என்பதைத்தான். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வண்டியில் போகவே கூடாது. பெராக்சைடு, பிளீச்சிங் போன்ற 5-ஆம் வகுப்புச் சரக்கை எண்ணெய், தின்னர், பஞ்சு, வைக்கோல் பக்கத்தில் வைக்கக்கூடாது. கேஸ் வெல்டிங்குக்குப் போகும் கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் எரிகிற அசிட்டிலின் வாயு வரும். தானியக் கிட்டங்கியில் பூச்சிக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் ஈரம் பட்டால் உயிரைக் கொல்லும் பாஸ்பீன் வாயு வரும். மழைக்காலத்தில் ஓட்டைத் தார்ப்பாய் உள்ள வண்டியில் இவற்றை ஏற்ற எவர் வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

பூச்சிமருந்தையும் உணவுச் சாமானையும் சேர்த்து ஏற்றுவதைப் பற்றி மளிகைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1958-இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கோதுமைப் பண்டங்களைச் சாப்பிட்டு இறந்தார்கள். கப்பலில் உணவுச் சரக்கோடு சேர்த்து ஏற்றிய பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்து அதில் இறங்கியதுதான் காரணம். அதன் பின்னர் வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பூச்சிமருந்து உணவுப் பொருளிலோ கால்நடைத் தீவனத்திலோ படும்படி ஏற்றவும் கூடாது, வைக்கவும் கூடாது என்று 1971-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அப்படியிருந்தும், உரக்கடைக்குப் போகும் மருந்துப் பெட்டியின் மேல் அரிசி மூட்டையை அடுக்குவதை இன்றைக்கும் நான் பஜாரில் பார்க்கிறேன்.

வண்டியில் மாட்டும் போர்டு விவரம் சுருக்கமாக: இரண்டு பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். சரக்கின் சரியான தொழில்முறைப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், வகுப்பு எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், வகுப்புச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், அவசர உதவிக்கான போன் நம்பர், அனுப்புகிறவரின் பெயரும் போன் நம்பரும். கவனியுங்கள், நம் பெயரும் நம்பரும் அதில் இருக்கிறது. அந்த நம்பரை ராத்திரியிலும் எடுக்க ஆள் இருக்க வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டுவித ஆபத்து இருந்தால் இரண்டு சின்னமும் பெட்டியில் ஒட்ட வேண்டும்.

டிரைவரின் கேபினில் இருக்க வேண்டியது அவசர அட்டை. லாரிக்காரர்கள் இதை 'டிரெம் கார்டு' என்பார்கள். சரக்கு என்ன, ஆபத்து என்ன, கசிந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா, உடம்பில் பட்டால் முதலுதவி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். 1996-இல் அந்த டிரைவர் கையில் இப்படி ஒரு அட்டை இருந்திருந்தால் டாக்டருக்கு இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

டிரைவருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். முன்பு இந்த லைசென்ஸ் ஓராண்டுக்குத்தான் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு. லைசென்ஸை வாங்கிப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல டிரைவர் கோபப்பட மாட்டார். வண்டியை நிறுத்தும் இடம் தீ ஆபத்து இல்லாததாக இருக்க வேண்டும், டிரைவரோ 18 வயதுக்கு மேற்பட்ட விவரம் தெரிந்த ஆளோ எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பதும் விதி. லோடுக்கு நடுவே சின்னப் பையனைப் படுக்க வைப்பதற்கு அதில் இடமில்லை.

விபத்து நடந்தால் டிரைவர் உடனே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுத்து, உரிமையாளருக்கும் சொல்ல வேண்டும். கூட்டத்தைக் கிட்டே விடக்கூடாது. 2017 ஜூனில் பாகிஸ்தானில் பஹாவல்பூர் பக்கம் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் பிடிக்கக் குடத்தோடு ஓடியவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் கேஸ் டேங்கர் கவிழ்ந்து வெடித்தபோது, சாலையோர வீடுகளில் இருந்தவர்களும் செத்தார்கள்.

தண்டனை விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பின் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க வழி இருக்கிறது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்றும் அந்தப் பிரிவில் வாசகம் உண்டு. பெயிண்டு கடைத் தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இதற்கெல்லாம் செலவு ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகும். ஆசிட்டுக்குத் தனி வண்டி, பிளீச்சிங்குக்குத் தனி வண்டி என்று நான் மாற்றியபோது இரண்டு பழைய பார்ட்டிகள் வாடகை கட்டாது என்று வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார், மற்றவர் வரவில்லை. சின்ன வியாபாரி தனி வண்டி பிடிக்க முடியாது என்பதும் உண்மை. அதற்காக நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, ஒரே வகுப்புச் சரக்கை வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் அனுப்பலாம் என்று கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். லாரி முதலாளிகள் தரப்பிலும் பேச வேண்டும். உண்மையை எழுதுகிற வியாபாரியிடம் அதிக வாடகை வாங்குவதும், பொய் எழுதுகிறவன் சரக்கைக் கேள்வி கேட்காமல் ஏற்றுவதும் நடக்கிற வரை எல்.ஆரில் சோப்பு சாமான் போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஆசிட், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக், தின்னர் ஆகிய நான்குக்கும் அவசர அட்டையைத் தமிழில் தயார் செய்து, உற்பத்தியாளர் தரும் விவரத்தோடு சரிபார்த்து வைத்திருக்கிறேன். சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, கீழே தங்கள் கடைப் பெயரையும் ராத்திரியில் எடுக்கும் போன் நம்பரையும் எழுதிக்கொள்ளலாம்.