பகிர்மான மின்மாற்றியை மின்னேற்றும்போது தோன்றும் பழுதுகள்: இனங்காணும் முறை

முன்னுரை

புதிதாக நிறுவப்பட்ட அல்லது பழுதுநீக்கி மீண்டும் பொருத்தப்பட்ட பகிர்மான மின்மாற்றிக்கு முதன்முதலில் மின்னிணைப்பு அளிக்கும்போது உயர் அழுத்தப் பக்கத்து உருகி எரிந்துபோவதுண்டு. பழுது மின்மாற்றியின் உள்ளே இருக்கலாம், வெளியே இருக்கலாம், பழுதே இல்லாமலும் இருக்கலாம். பணியிடத்தில் இம்மூன்றையும் 'ஃபியூஸ் போய்விட்டது' என்னும் ஒரே தொடர் குறிக்கிறது. சொல் ஒன்றாக இருப்பதால் செயலும் ஒன்றாகிவிடுகிறது. மற்றொரு கம்பியைக் கட்டி மீண்டும் இணைத்துப் பார்க்கின்றனர். 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் 100 கே.வி.ஏ. மின்மாற்றியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நிலைகள் இங்கு வேறுபடுத்தப்படுகின்றன. இதன் உயர் அழுத்தச் சுருள்கள் டெல்டாவாகவும், தாழ்வழுத்தச் சுருள்கள் நியூட்ரலுடன் கூடிய ஸ்டாராகவும் அமைந்தவை.

தொடக்கப் பாய்ச்சல்

இம்மின்மாற்றியின் உயர் அழுத்தப் பக்க முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 5.25 ஆம்பியர். மின்னழுத்த அலை சுழியைக் கடக்கும் கணத்தில் இணைப்பு நிகழ்ந்தால், உள்ளகத்தின் காந்தப்பாயம் வழக்கமான உச்சத்தைப் போல் இருமடங்கை நெருங்கும். முன்பே எஞ்சிய காந்தம் அதே திசையில் இருப்பின் அதையும் கடக்கும். உள்ளகம் தெவிட்டிவிடுவதால், சுமையே இல்லாதபோதும் முழுச்சுமை அளவைப்போல் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு வரை மின்னோட்டம் பாயக்கூடும். இது விரைவில் தணியும், பழுதன்று. எனினும், உருகியின் அளவு குறைவாயின் இதுவே அதை எரிக்கப் போதுமானது.

இதனை நன்கறிந்தோர்கூட, எரிந்த உருகிக்கு மாற்றாகத் தடித்த கம்பியைக் கட்டிவிடுவது தவறாகும். சுருளினுள் குறுக்குச்சுற்று இருந்தால் அக்கம்பி உரிய நேரத்தில் உருகாது. எண்ணெய் சிதைந்து வாயு பெருகித் தொட்டியே வெடிக்கும் நிலை உருவாகலாம்.

சோதனைகள்

ஏ.பி. சுவிட்சைத் திறந்து, இருபக்க இணைப்புகளையும் கழற்றிய பின்னர் மெக்கர் கொண்டு மின்காப்புத் தடை அளக்கப்படுகிறது. இச்சோதனையின் எல்லை பலரால் மறக்கப்படுகிறது. சுருளுக்கும் தொட்டிக்கும், சுருளுக்கும் சுருளுக்கும் இடையிலான காப்பையே அது காட்டும். ஒரே சுருளின் அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் மெக்கர் நல்ல அளவையே காட்டக்கூடும்.

அதைக் காட்டுவது விகிதச் சோதனை. உயர் அழுத்தப் பக்கத்திற்கு 415 வோல்ட் மும்முனை மின்சாரம் அளித்தால், தாழ்வழுத்தப் பக்கத்தில் முனைகளுக்கிடையே ஏறத்தாழ 16.3 வோல்ட் கிடைக்கவேண்டும். ஒரு முனை மட்டும் மாறுபட்டு, மின்னோட்டமும் மிகுந்தால் அச்சுருளில் சுற்றுகள் இணைந்துள்ளன என்று கொள்ளலாம். இதே 415 வோல்ட்டைத் தவறுதலாகத் தாழ்வழுத்தப் பக்கத்தில் கொடுத்தால் மறுபக்கம் 11 கிலோவோல்ட்டை நெருங்கும்.

ஒரு பேஸ் போனதா, நியூட்ரல் போனதா?

மின்னேற்றிய பின்னர் வரும் முறையீடுகளுள் குழப்பம் மிகுந்தது இது. வீட்டிலிருப்பவர் இரண்டையும் 'லோ வோல்டேஜ்' என்றே சொல்வார்.

உயர் அழுத்தப் பக்கத்தில் ஓர் உருகி மட்டும் எரிந்தால், டெல்டாவின் ஒரு சுருள் முழு அழுத்தத்தையும், எஞ்சிய இரண்டும் தொடராக நின்று பாதிப் பாதியையும் பெறும். எனவே, சுமையில்லா நிலையில் நியூட்ரலுக்கு எதிராக 250, 125, 125 வோல்ட் என்னும் அளவுகள் தோன்றும். முனைகளுக்கிடையே அளந்தால் இரண்டு இணைகளில் 375 வோல்ட்டும், மூன்றாவதில் சுழியும் வரும்.

நியூட்ரல் அறுந்தால் முனைகளுக்கிடையே 433 வோல்ட் அப்படியே நிற்கும். நியூட்ரலுக்கு எதிரான அளவுகள் மட்டும் சுமைக்கேற்பப் பிறழும். சுமை குறைந்த முனையில் அழுத்தம் ஏறுவதால் அங்குள்ள மின்கருவிகள் எரிகின்றன. ஆகவே, முனைகளுக்கிடையே அளப்பதே முதலில் செய்யத்தக்கது. நியூட்ரல் ஐயத்திற்குரியதாயின் உடனே மின்சாரத்தை நிறுத்தவேண்டும். உருகியை மாற்றுவதால் பயனில்லை.

பின்னூட்ட இடர்

ஒரு முனைக்கான சுருள் விகிதம் 44. இவ்விகிதம் இருதிசையிலும் செயற்படும். மின்தடையின்போது ஒரு வீட்டின் ஜெனரேட்டர் உரிய மாற்றுச்சாவியின்றி இணைக்கப்பட்டிருந்தால், அதன் 230 வோல்ட் உயர் அழுத்தப் பக்கத்தில் 10 கிலோவோல்ட் அளவிற்கு எழக்கூடும். ஏ.பி. சுவிட்ச் திறந்திருப்பதை மட்டும் நம்பி உருகியைத் தொடுபவர் உயிரிழப்பது இவ்வாறே. மின்னிருப்பைச் சோதித்து, இருபக்கமும் எர்த் கம்பி இணைத்த பின்னரே கம்பத்தில் ஏறவேண்டும்.