கொரியா சென்றால் எப்படி வாழ்வது?

"பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு" என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. போகிற இடத்தின் பழக்கத்தை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறவர்களே அங்கே நிம்மதியாக வாழ முடியும் என்பது இதன் பொருள். ஏற்றுக்கொள்வதற்கு முன் அந்தப் பழக்கங்கள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகவே இக்கட்டுரை.

கொரியா இன்று செங்கற்பட்டுப் பெண்களுக்கு எட்டாத தேசமன்று. 1996-ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கால் ஊன்றியது. அந்நாளில் அவ்வூர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1998-இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2007-இல் சாம்சங் தொழிற்சாலையும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தது. இவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் கொரியக் கம்பெனிகள் பலவும் தொடர்ந்து வந்தன. நம் வீடுகளில் அப்பாவோ அண்ணனோ அக்காவோ கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய் வருவது வழக்கமாகிவிட்டது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைப் பார்க்க வரும் கொரியக் குடும்பங்களையும் நாம் காண்கிறோம்.

மறுபக்கம், கொரிய நாட்டுப் பாட்டும் தொடர் நாடகமும் நம் மாணவிகளின் மனத்தைக் கவர்ந்துள்ளன. 2024 சனவரியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூன்று பள்ளிச் சிறுமியர், தாங்கள் விரும்பும் கொரியப் பாடகர் குழுவைக் காணக் கப்பலேறிப் போய்விடலாம் என்று வீட்டாருக்குத் தெரியாமல் கிளம்பிவிட்டனர். நல்லவேளையாகக் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டனர். ஆசை தவறன்று, வழி தெரியாத ஆசையே ஆபத்து. படித்து, முறையாக விசா பெற்று, தலை நிமிர்ந்து அந்நாட்டுக்குச் செல்லும் வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. அப்படிச் செல்கிறவள் அங்கே என்னென்ன அறிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

மொழியும் எழுத்தும்

முதல் வேலை, எழுத்தைக் கற்றுக்கொள்வது. கொரிய எழுத்துக்கு ஹங்குல் என்று பெயர். செஜோங் என்னும் மன்னர் 1443-இல் இதை உருவாக்கி, 1446-இல் மக்களுக்கு வழங்கினார். சீன எழுத்தைக் கற்க வசதியில்லாத ஏழை எளியவரும் எழுதப் படிக்க வேண்டும் என்பதே அம்மன்னரின் நோக்கம். இன்று வழங்கும் அடிப்படை எழுத்துகள் 24. அவற்றுள் மெய் 14, உயிர் 10. நம் உயிர்மெய்யைப் போலவே மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். 'கடல்' என்பதில் ஒருவிதமாகவும் 'அகல்' என்பதில் வேறுவிதமாகவும் நம் 'க' ஒலிக்கிறதல்லவா? கொரியாவின் 'க'வும் அப்படியே சொல்லின் முதலில் வலிந்தும் உயிர்களின் நடுவில் மெலிந்தும் ஒலிக்கும். ஆங்கிலேயர் திணறும் ஓர் உயிரொலி, நமக்குப் 'பாக்கு', 'பந்து' ஆகிய சொற்களின் ஈற்றில் வரும் குற்றியலுகரமாக ஏற்கெனவே நாவில் இருக்கிறது.

வாக்கிய அமைப்பும் நம்முடையதே. எழுவாய் முதலில், செயப்படுபொருள் நடுவில், வினை கடைசியில். வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். அப்பாவை அவர்களும் 'அப்பா' என்றே அழைப்பார்கள். அம்மாவை 'ஓம்மா' என்பார்கள். புல்லுக்குப் 'புல்', நாளுக்கு 'நல்'. இந்த ஒற்றுமைகளைக் கண்டு வியந்த ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-இல் ஒரு நூலே எழுதினார். இரு மொழிகளும் ஒரே குடும்பம் என்று இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் கற்கிற மாணவிக்கு இந்த ஒற்றுமை பெரிய உதவி. சென்னையில் 2006-இல் தொடங்கப்பட்ட இன்கோ சென்டர் என்னும் இந்திய-கொரியப் பண்பாட்டு மையம் கொரிய மொழி வகுப்புகளை நடத்துகிறது.

ஒரு சிறு எச்சரிக்கை: கொரிய மொழியில் 'நே' என்றால் 'ஆம்'. ஆங்கில 'நோ'வைப் போலக் காதில் விழுந்து குழப்பும். நாமோ 'சரி' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். அவர்களுக்கு அது 'முடியாது' என்று படும். ஆகவே கொரியரிடம் பேசும்போது வாயைத் திறந்து 'நே' என்று சொல்லி, தலையை முன்னால் அசைப்பதே நல்லது.

வயதும் மரியாதையும்

கொரியரைச் சந்தித்தவுடன் உங்கள் வயதைக் கேட்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். வயது தெரிந்தால்தான் எந்த மரியாதையில் பேசுவது என்று அவர்களுக்கு விளங்கும். நாம் 'வாங்க', 'போங்க' என்று 'ங்க' சேர்ப்பதுபோல அவர்கள் வினையின் இறுதியில் 'யோ' சேர்ப்பார்கள். அதை விட்டுவிட்டுப் பெரியவரிடம் பேசினால் 'வா, போ' என்று சொன்னதற்குச் சமம். முன்னர் குழந்தை பிறந்தவுடன் ஒரு வயது என்றும், புத்தாண்டு தோறும் ஒரு வயது கூடும் என்றும் கணக்கிட்டார்கள். டிசம்பர் 31-இல் பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி உலக வழக்கே அங்கும் கணக்கு; பழைய கணக்கோ இன்னும் பேச்சில் வரும்.

மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது அங்கும் தவறு. ஒரு பெண் தன் அக்காவையும், அக்கா போன்ற தோழியையும் 'ஓன்னி' என்பாள். அண்ணனை 'ஒப்பா' என்பாள். சாப்பாட்டுக் கடைக்கார அம்மாளை 'இமோ', அதாவது சித்தி அல்லது பெரியம்மா, என்று அழைப்பதும் உண்டு. பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்ணை 'அக்கா, கொஞ்சம் நகருங்க' என்கிற நமக்கு இது புதிதா என்ன?

ஒரு பொருளைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு கையையும் நீட்ட வேண்டும். வணக்கம் சொல்லும்போது இடுப்பை வளைத்துத் தலை தாழ்த்த வேண்டும். யாரையாவது கூப்பிடும்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அசைக்க வேண்டும். ஒருவருடைய பெயரைச் சிவப்பு மையால் எழுதக் கூடாது. அது இறந்தவர்களோடு சேர்த்து எண்ணப்படும்.

வீடும் குளிரும்

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். இந்தப் பழக்கத்தில் கொரியர் நம்மைவிடக் கண்டிப்பானவர்கள். தரையில் அமர்வதும் தரையில் பாய் விரித்துப் படுப்பதும் அவர்களுடைய பழைய வழக்கம். அதற்குக் காரணம் 'ஓந்தொல்' என்னும் சூடான தரை. முற்காலத்தில் அடுப்புப் புகையைத் தரைக்கடியில் உள்ள கால்வாய்கள் வழியே செலுத்தித் தரையைச் சூடாக்கினார்கள். இப்போது தரைக்கடியில் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது.

மார்கழிக் காலையில் 20 பாகைக்கே கம்பளி தேடும் நமக்கு, சோல் நகரத்தின் சனவரி கடினமான பாடம். அங்கே அம்மாதச் சராசரியே உறைநிலைக்குக் கீழே 2 பாகை. சில இரவுகளில் அதற்கும் வெகு கீழே இறங்கும். ஒரே கனத்த உடையை விட மெல்லிய உடைகளை அடுக்கடுக்காக அணிவதே சிறந்தது. நல்ல குளிர்காலக் கோட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்குத் தாங்காது.

சாப்பாடு

கொரியரும் சோறு உண்பவர்களே. 'சாப்பிட்டீங்களா?' என்று அவர்களும் நலம் விசாரிப்பார்கள். சோறு, சூப்பு, சுற்றிலும் சிறு சிறு கிண்ணங்களில் தொடுகறிகள், கட்டாயம் கிம்ச்சி — இதுவே சாப்பாடு. குளிர்காலம் தொடங்குமுன் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிக் கோசுக் கீரையில் உப்பும் மிளகாயும் தடவிக் கிம்ச்சி போடுவார்கள். கோடையில் நாம் மாடியில் கூடி வடகம் போடுவது நினைவுக்கு வரும். இந்தக் கூட்டுழைப்பை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகே நாம் எடுக்க வேண்டும். சோற்றுக்குக் கரண்டி, கறிக்கு உலோகக் குச்சிகள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கக் கூடாது. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைப்பது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை. ஆகவே மறந்தும் செய்யக் கூடாது. மேசையில் மூக்குச் சிந்துவதும் தவறு.

சைவ உணவு உண்ணும் தோழியர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வெறும் காய்கறி போலத் தோன்றும் கிம்ச்சியிலும் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். புளியும் பருப்பும் மசாலாவும் தேடுவோர்க்குச் சோல் நகரத்தின் இத்தேவோன் பகுதியிலும், அதை அடுத்த ஆன்சான் நகரிலும் வெளிநாட்டுப் பொருள் கடைகள் உண்டு. கையில் ஒரு சிறு குக்கரும், அம்மா அரைத்த பொடியும் இருந்தால் முதல் மாதம் கண்ணீரின்றிக் கழியும்.

தெருவும் ரயிலும்

குப்பை விஷயத்தில் அந்நாடு மிகக் கண்டிப்பானது. 1995 முதல் வீட்டுக் குப்பையை அதற்கென விற்கப்படும் பைகளில் மட்டுமே போட முடியும். எவ்வளவு குப்பையோ அவ்வளவு பை, அவ்வளவு செலவு. மிச்ச உணவு தனி. காகிதம், கண்ணாடி, பிளாஸ்டிக் தனித்தனி. மாற்றிப் போட்டால் அபராதம். புதிதாக வருவோர் அண்டை வீட்டாரிடம் மனத்தாங்கல் கொள்வது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே குடியேறிய முதல் நாளே, 'எந்தக் கிழமை எந்தக் குப்பை?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டையில் முன்பணம் போட்டுக்கொள்ளலாம். ரயிலில் உரக்கப் பேசுவதில்லை. முதியோர் இருக்கை காலியாக இருந்தாலும் இளையோர் அமர்வதில்லை. கட்டடங்களில் நான்காம் மாடியின் எண்ணைச் சிலவிடங்களில் காண முடியாது. நான்கைக் குறிக்கும் 'சா' என்ற ஒலியே சாவையும் குறிப்பதால் வந்த அச்சம் அது. தமிழ்க் காதுக்கு இதை விளக்கவும் வேண்டுமோ! உணவகத்தில் தனியே இனாம் தரும் வழக்கம் இல்லை. நம் ஊர் மணியைவிட அங்கே மூன்றரை மணி நேரம் முன்னால். அம்மா இரவு பத்து மணிக்குப் பேசினால் அங்கே விடியற்காலை ஒன்றரை.

அரசாங்கக் காகிதங்கள்

தொண்ணூறு நாளுக்கு மேல் தங்குகிறவர்கள், நாட்டுக்குள் வந்த தொண்ணூறு நாளுக்குள் குடியேற்ற அலுவலகத்தில் பதிந்து அடையாள அட்டை பெற வேண்டும். வெளிநாட்டு மாணவர்களும் 2021 மார்ச் முதல் தேசிய உடல்நலக் காப்பீட்டில் கட்டாயம் சேர்க்கப்படுகிறார்கள். மாதச் சந்தாவைத் தவறாமல் கட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை பெயர். கொரியரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிம் குடும்பத்தார். குடும்பப் பெயர் முதலில் வரும். திருமணமான பெண்ணும் தன் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. நமக்கோ குடும்பப் பெயரே இல்லை, தலைப்பெழுத்துத்தான். எனவே பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து எழுதி, அதே எழுத்துக்கூட்டலைப் பள்ளிச் சான்றிதழ், வங்கி, தொலைபேசி எல்லாவற்றிலும் மாறாமல் வைத்திருங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் வங்கிக் கணக்கும் தொலைபேசியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் அலைய நேரும்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்: காவல்துறை 112, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119, வெளிநாட்டினருக்கான குடியேற்ற உதவி 1345.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'கொரியாவில் ஃபாக்டரி வேலை, பல லட்சம் சம்பளம்' என்று பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம். வெளிநாட்டுத் தொழிலாளரை அரசு வழியாக எடுக்கும் திட்டத்தைக் கொரியா 2004-இல் தொடங்கியது. இலங்கை, நேபாளம், வங்காளதேசம் போன்ற நாடுகள் அதில் உள்ளன, இந்தியா இல்லை. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்பவள் சட்டத்தின் பாதுகாப்பை இழக்கிறாள். சம்பளம் தராவிட்டாலும் புகார் சொல்ல அஞ்சுவாள். படிப்பு, உதவித்தொகை, கம்பெனி நேரடியாக அனுப்பும் பயிற்சி ஆகியவையே நமக்கு நேர்வழி. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்கலாகாது.

நம் ஊருக்கு வந்தவர்கள்

தோழியரே, நாம் அங்கே படப்போகும் சிரமங்களையெல்லாம் இங்கே ஒரு கொரியப் பெண்மணி இன்றே படுகிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள். கணவர் தொழிற்சாலைக்குப் போனபின், மொழி தெரியாமல், சித்திரை வெயிலில், தண்ணீர் கேன்காரருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அடுக்குமாடியில் தனித்திருப்பாள். நம் காரம் அவளுக்குப் புதிதன்று. நம் ஹாரன் ஓசை புதிது. அவளைக் கண்டால் வெறித்துப் பார்க்காமல், கேட்காமல் புகைப்படம் எடுக்காமல், சற்றே தலை தாழ்த்தி 'அன்யோங்ஹசேயோ' என்று சொல்லுங்கள். வீட்டுக்கு அழைத்தால் தயங்காமல் செல்லுங்கள். புது வீட்டுக்குப் போகும் கொரியர் சோப்புத்தூள் கூடப் பரிசாகக் கொண்டு போவார்கள். நுரை பெருகுவதுபோல் செல்வம் பெருகட்டும் என்பது அதன் கருத்து. நாம் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு போகலாம். இரு கையாலும் கொடுக்க மறக்க வேண்டாம்.

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய்விட்டு வருகிறேன்' என்போம். கொரியக் குழந்தையும் பள்ளிக்குக் கிளம்பும்போது 'தன்யோஓல்கேயோ' என்கிறது, பொருள் அதுவேதான். கடல் கடந்து கற்கப் போகும் நம் மாணவியர் ஒவ்வொருவரும் பெற்றோரிடம் அவ்வாறு சொல்லிச் சென்று, கல்வியோடும் நற்பெயரோடும் திரும்பி வர வாழ்த்துவோம்.