தலைக்கு மேல ஒரு டேஞ்சர்!

ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற மக்களே, மல்லாக்கப் படுத்து மேலே பாருங்க. சாம்பல் கலர்ல அலை அலையா ஒரு ஷீட் தெரியுதா? எங்க உழவர்கரை பக்கம் மொட்டைமாடி ரூம், வண்டி ஷெட், டீக்கடைன்னு பல இடத்துல அதுதான் கூரை. மே மாசத்துல நம்மை அவிச்சு எடுக்கிறது மட்டும்தான் அதோட வேலைன்னு நினைச்சா... மேட்டர் அதைவிட சீரியஸ்!

ஆஸ்பெஸ்டாஸ், தமிழில் கல்நார். பாறையிலிருந்து எடுக்கிற நார். தீப்பிடிக்காது, துருப்பிடிக்காது, விலையும் கம்மி. எங்க மெக்கானிக்கல் பசங்க பாஷையில் 'செம மெட்டீரியல்'! ஆனா ஷீட்டை அறுக்கும்போதும் டிரில் போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஊசி மாதிரி இழைகள் பறக்கும். மூச்சோட உள்ளே போனால் உடம்பால அதைக் கரைச்சு வெளியேத்த முடியாது. நுரையீரலைச் சுத்தியிருக்கிற மெல்லிய உறை வரைக்கும் போய் உட்கார்ந்துக்கும். அந்த உறையில் வர்ற அபூர்வமான புற்றுநோய்தான் மீசோதெலியோமா. தம் அடிக்காதவங்களுக்கும் வரும். வேலைக்குப் போன கணவரோட தூசி படிஞ்ச சட்டையைத் துவைச்ச மனைவிக்கே வந்த கதை வெளிநாடுகளில் உண்டு.

கொடுமை என்னன்னா, அது வெளியே தெரிய 20 முதல் 50 வருஷம் ஆகலாம். நம்ம வயசில் சுவாசிச்ச தூசிக்கு, பேரன் பேத்தி எடுக்கிற வயசில் மூச்சு வாங்கும், நெஞ்சுக்குள்ளே நீர் கோக்கும். கண்டுபிடிச்ச பிறகு பலருக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணு, ஒன்றரை வருஷம்தான்.

நம்ம ஊரை ஆண்ட பிரான்ஸ், 1997 ஜனவரி 1 முதல் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை போட்டுடுச்சு. அதே வருஷம் ரிட்டையரான 'கிளெமான்சோ' விமானம் தாங்கிக் கப்பலை என்ன பண்ணாங்க தெரியுமா? உள்ளே டன் கணக்கில் ஆஸ்பெஸ்டாஸோட, 2005 டிசம்பர் 31-ல் உடைக்கிறதுக்காக குஜராத்தின் அலங்குக்குக் கிளப்பி விட்டாங்க! இங்கேயும் அங்கேயும் எதிர்ப்பு. நம்ம சுப்ரீம் கோர்ட் உள்ளே வரக்கூடாதுன்னு இடைக்காலத் தடை போட, 2006 பிப்ரவரி 15-ல் பிரெஞ்சு அதிபர் சிராக் கப்பலைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டார். கடைசியில் இங்கிலாந்தில்தான் உடைச்சாங்க. சபாஷ்தான்! ஆனா ஷீட் செய்யறதுக்கான வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், ரஷ்யாவிலிருந்து நமக்கு இன்னும் கப்பல்ல வந்து இறங்கிட்டுத்தான் இருக்கு.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நல ரெக்கார்டைக் குறைஞ்சது 40 வருஷம் வச்சிருக்கணும்னு 1995-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கம்பெனியில் வேலை பார்த்தவருக்கு சரி. கூரை மேல ஏறி டிரில் போடுற அண்ணனுக்கு யார் ஃபைல் போடுவா?

இதைப் படிச்சிட்டு ஹவுஸ் ஓனரோட சண்டைக்குப் போயிடாதீங்க. உடையாம கிடக்கிற ஷீட்டால ஆபத்து ரொம்பக் குறைவு. ஃபேன் மாட்ட, கேபிள் இழுக்கன்னு அதில் ஓட்டை மட்டும் போடாதீங்க. உடைஞ்சா தண்ணி தெளிச்சு நனைச்சிட்டு அள்ளுங்க, காய்ஞ்ச துடைப்பம் வேண்டவே வேண்டாம். கர்ச்சீஃப் கட்டிக்கிறதெல்லாம் இந்த இழைக்கு முன்னாடி செல்லாது.

அப்பாவோ தாத்தாவோ ஷீட் கம்பெனியிலோ, கப்பல் உடைக்கிற இடத்திலோ வேலை பார்த்தவரா? மூச்சு வாங்குதுன்னு ஜிப்மருக்குக் கூட்டிட்டுப் போனா, "வயசாயிடுச்சு டாக்டர்"னு ஆரம்பிக்காம, எந்த வருஷம் எங்கே என்ன வேலை பார்த்தார்னு முதல்ல சொல்லுங்க. முப்பது வருஷத்துக்கு முந்தின வேலை எக்ஸ்ரேயில் எழுதியிருக்காது.