ஓசையின்றி ஓடும் நிணநீர்

நெஞ்சில் கை வைத்தால் இதயத்தின் துடிப்பு நமக்குத் தெரிகிறது. அதே உடலுக்குள், ஓசை ஏதுமின்றி இன்னொரு நீரோட்டமும் இரவு பகலாக நடந்துகொண்டிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை. இரத்த நுண்குழாய்களிலிருந்து கசிந்து, திசுக்களை நனைத்து, திரும்பிச் செல்ல வழியின்றித் தங்கிவிடும் நீர் நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர். அதைத் துளித்துளியாகத் திரட்டி, நூற்றுக்கணக்கான நிணநீர்க் கணுக்களில் வடித்து, கிருமி களைந்து, கழுத்தடியில் மீண்டும் இரத்தத்தோடு சேர்க்கிறது நிணநீர் மண்டலம்.

இதற்கெனத் தனி இதயம் தரப்படவில்லை. குழாய்ச் சுவரின் மெல்லிய தசை தானே சுருங்குகிறது. நாம் மூச்சிழுக்கும்போதும், நடக்கும்போதும், விரல் மடக்கும்போதும் நீர் மேலேறுகிறது. ஏறியது இறங்காதபடி வழியெங்கும் வால்வுகள் காக்கின்றன. தோலுக்குச் சற்றே கீழே தொடங்கும் குழாய்களோ தலைமுடியினும் நுண்ணியவை. அவற்றின் சுவர் ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது. நுண்ணிழைகள் அச்செல்களை, சுற்றியுள்ள திசுவோடு பிணைத்திருக்கின்றன. தோல் இலேசாக இழுபட்டாலே இழைகள் இழுபட்டு, செல்களின் விளிம்புகள் விலகி, நீர் உள்ளே நுழைகிறது. எத்தனை நுட்பம், எத்தனை பரிவு!

இந்தப் பரிவைக் கையால் உணர்ந்தவர்கள் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர், எஸ்த்ரித் வோடர் தம்பதியர். 1930-களில் பிரான்சின் கான் நகரில், ஓயாத சளியால் அவதியுற்று வந்தவர்களின் கழுத்தில் கணுக்கள் வீங்கியிருப்பதைக் கண்டார்கள். அவற்றைத் தொடவே கூடாது என்று பிறர் விலகிய காலத்தில், இவர்கள் மெல்லத் தொட்டார்கள். 1936-இல் பாரிஸில், நிணநீர் மசாஜ் என்னும் அம்முறையை உலகுக்கு அறிவித்தார்கள்.

நிணநீர் மசாஜுக்குச் செல்பவர் அழுத்திப் பிசைவார்கள் என்று எதிர்பார்த்தால் வியந்துபோவார். எண்ணெய் பெரும்பாலும் இல்லை. வலி அறவே இல்லை. வீக்கம் கையில் இருந்தாலும் தொடுகை கழுத்திலும் காறை எலும்பருகிலும் தொடங்கும். கடைமடையைத் திறந்துவிட்டுத் தலைமடைக்கு வரும் உழவரைப் போல, முதலில் நீர் போகும் வழி திறக்கப்படுகிறது. பின்னரே தோள், மேற்கை, முன்கை. விரல்கள் தோலை மெதுவாக வளைத்து இழுத்து விடுகின்றன, மீண்டும் இழுக்கின்றன. அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை இப்படியே நடக்கும். பலர் உறங்கிவிடுகிறார்கள். வீக்க நோயாளிகளுக்கு அதன்பின் அழுத்தக் கட்டுப் போடுவார்கள். அது இல்லாவிட்டால் வடிந்த நீர் மீண்டும் சேரும்.

நச்செல்லாம் போகும், எடை கரையும் என்ற விளம்பரங்களை நான் ஏற்பதில்லை. படைத்தவன் அமைத்த வழி அடைபட்டோ அறுபட்டோ போனவர்களுக்கே இந்தக் கைகள் பெரிதும் தேவை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை இழந்தவர்களும், யானைக்கால் நோயால் கால் கனத்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

காய்ச்சலோடு தோல் சிவந்திருந்தாலோ, காலில் இரத்தக்கட்டு இருந்தாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ மசாஜ் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வளையல் இறுகுகிறது, கை கனக்கிறது என்று வீட்டில் ஒருவர் சொன்னால் தள்ளிப்போடாமல், இதில் பயிற்சி பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.